கொடி விழாத சுற்று

ஓடைக்கல்பாளையத்துக் கார் பந்தயத் தளத்தில் வாணியக்காவுக்குக் கொடி காட்டாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பந்தயம் முடியாமலே கிடந்தது. வெயில் வந்து போனது, மழை வந்து போனது, பஞ்சாயத்துத் தேர்தல் வந்து போனது, பேக்கரிக்காரர் கடைக்கு மாடி எடுத்து முடித்தார், என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள், வாணியக்கா மட்டும் அந்தச் சிவப்பு வண்டியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல், வேகத்தைக் குறைக்காமல், சுற்றிக்கொண்டே இருந்தாள். பெட்ரோல் தீர்ந்ததும் நின்றுவிடுவாள் என்று முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் வேலியோரம் காத்திருந்தோம். தீரவில்லை. இருட்டியதும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தளத்தின் வாசலில் டிக்கெட் கிழிப்பேன். எனக்கு யாரிடமும் அதிகம் பேச வராது, அதனால் அந்த வேலை பிடித்திருந்தது. டிக்கெட் கிழிக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, ஆனால் எல்லாவற்றையும் அவள் முன்னால்தான் பேசுகிறார்கள்.

வாணியக்காவின் முழுப்பெயர் கோகிலவாணி. அவள் அப்பா பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் கறிக்கோழி ஏற்றிக் கோயமுத்தூர்க் கடைகளுக்குப் போடுகிறவர். அவருக்கு முதுகு போனதும் வண்டியை அவள் எடுத்துக்கொண்டாள். கோழி வண்டி ஓட்டுவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. மெதுவாகப் போனால் வெயில் ஏறிக் கோழி செத்துப்போகும், வேகமாகப் போய் வண்டியை உலுக்கினால் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுமுட்டிச் செத்துப்போகும், ஆகவே வேகமாகவும் போக வேண்டும், போகிற வேகம் கோழிக்குத் தெரியவும் கூடாது. இதை அவள் பதினெட்டு வயதிலிருந்து செய்துவந்தாள். பிறகு ஒருநாள் பந்தயத் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டிக் காட்டலாம் என்று அறிவித்தார்கள். கோழி இறக்கிவிட்டு, உடம்பில் கோழி வாசத்தோடு போய் ஓட்டிக் காட்டினாள். அன்று வந்தவர்களில் அவளைவிட வேகமாக யாரும் சுற்றவில்லை. ஒரு கராஜ்காரர் அவளுக்கு வண்டி கொடுத்தார்.

அதன்பிறகு அவளிடம் பத்திரிகைக்காரர்கள் கேட்டதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அவ்வளவு கூந்தலை எப்படி அடக்குகிறீர்கள் என்பதைத்தான். ஒரே ஒருவர் மட்டும், "ஜெயிச்சுருவீங்கன்னு நம்பிக்கை இருக்குதுங்களா?" என்று கேட்டார். வாணியக்கா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"ஜெயிக்கத்தானுங்க வந்திருக்கேன். வேற எதுக்கு, ஊர் சுத்திப் பாக்கவா?"

மறுநாள் பேப்பரில் அவள் கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்ற அர்த்தம் வரும்படி அதைப் போட்டிருந்தார்கள். அதே பக்கத்தில் ஆதர்ஷும் அதையேதான் சொல்லியிருந்தான், அவனுக்குத் தன்னம்பிக்கை என்று போட்டிருந்தார்கள். ஆதர்ஷ், மில்காரர் நல்லதம்பியின் ஒரே மகன். தளம் மில்காரருடையது, தளத்தின் கமிட்டியும் மில்காரருடையது, வாசலில் நான் கிழித்த டிக்கெட்டில் இருந்த படம்கூட ஆதர்ஷுடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகளை நிறுத்தியிருந்த கொட்டகையில், அவன் தன் நண்பர்கள் சூழ நின்று குரல் கொடுத்தான்.

"என்னங்க்கா, கடைக்கு லேட் ஆகலையா? கோழி காத்துட்டு இருக்கும்ல?"

நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவன் கொக்கரித்துக் காட்டினான். வாணியக்கா குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எங்கூட்டுக் கோழிய ஒருநாள் உன் வண்டில ஏத்தி உடறேன் தம்பி. நீ வளைவுல திருப்பற திருப்புக்கு, கடைக்குப் போய்ச் சேரும்போது வெட்ற வேலையே இருக்காது."

இப்போது அவன் நண்பர்களும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பந்தயத்தில் கொடிகளுக்கென்று ஒரு பாஷை உண்டு. கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியைக் கடைசிச் சுற்று முடிந்ததும் முதலில் வருகிறவருக்குக் காட்டுவார்கள், அதைப் பார்த்தால்தான் பந்தயம் முடிந்தது, பார்க்காதவரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலக்கொடி என்று இன்னொன்று உண்டு. ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிவிட்ட வண்டியை முன்னணி வண்டி நெருங்கும்போது, பின்தங்கியவருக்கு அதை ஆட்டுவார்கள். ஒதுங்கு, பெரியவர் வருகிறார், வழி விடு என்று அர்த்தம். எங்கள் தளத்தில் இந்தக் கொடிகளெல்லாம் பொன்னுரங்கம் வாத்தியார் கையில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நேர்மையானவர், சுதந்திர தினத்தன்று ஊரில் கொடி ஏற்றுவதற்குக்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வாணியக்கா ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டாள். நான் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தேன். ஆதர்ஷ் வளைவுக்கு வளைவு வண்டியை உலுக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தான், அவள் வண்டியோ பாலைத் தளும்பாமல் கொண்டுபோகிற மாதிரி போனது. கடைசிச் சுற்றுகளில் அவன் அவள் முதுகை ஒட்டிவந்தான். கொடிமேடையில் நின்ற வாத்தியார் பார்த்தார். முன்னால் ஒரு பெண் வருகிறாள், பின்னால் மில்காரர் மகன் வருகிறான். அவர் கண்ணுக்கு இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. அந்தப் பெண் ஒரு சுற்றுப் பின்தங்கிக் கிடக்கிறாள், பையன் ஒரு சுற்று அதிகமாக ஓடி அவளை எட்டிப்பிடித்துவிட்டான். நீலக்கொடியை எடுத்து அவளுக்கு ஆட்டினார். அவள் ஒதுங்கவில்லை. முன்னால் போகிறவள் எதற்கு ஒதுங்க வேண்டும்? அடுத்த சுற்றிலும் ஆட்டினார், கோபமாக ஆட்டினார், அப்போதும் அவள் ஒதுங்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்து அவள் கோட்டைத் தாண்டியபோது வாத்தியார் கட்டம் போட்ட கொடியைச் சுருட்டியே வைத்திருந்தார், அவள் போனபின் பின்னால் வந்த ஆதர்ஷுக்கு அதை விரித்து, உடம்பெல்லாம் குலுங்க ஆட்டினார்.

அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வஞ்சகம் இருந்திருந்தால் பிறகு வெட்கப்படவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

மைக்கில் ஆதர்ஷ் பெயரைச் சொன்னார்கள், வேட்டு வெடித்தார்கள், சந்தன மாலை போட்டார்கள். மேலே கண்ணாடி அறையில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து மில்காரரிடம் ஏதோ சொன்னார்கள். மில்காரர் மாலை போட்ட மகனைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார், கமிட்டியைக் கூட்டினார். கமிட்டி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிவு செய்தது: கொடி வாங்காத வண்டி, பந்தயத்தை முடிக்காத வண்டி. முடிக்காத வண்டிக்கு இடம் கிடையாது. விதி அப்படித்தான் சொல்கிறது.

கொடி பார்க்காத வாணியக்காவும் விதிப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் போலீஸ் வந்தது. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிட்டுவிட்டுப் போனது. அவள் அம்மா ருக்மணியம்மா தினமும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து வேலிக்கு வெளியே நின்று, "கண்ணு, ஒரு வாய் தின்னுட்டுச் சுத்து சாமி" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினார், பிறகு தினமும் கொண்டுவந்து தினமும் கத்தாமல் நின்றார், பிறகு அந்தச் சோற்றை நாய்களுக்கு வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். கோழி வண்டிக்கு வேறு டிரைவர் வந்தான், கோழிகள் சாக ஆரம்பித்தன. ஜாதகம் கொண்டுவரும் தரகர் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "பொண்ணு எங்கீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், "வண்டில இருக்குதுங்க, வந்துரும்" என்பார்.

அடுத்த பந்தயம் வந்தது. கமிட்டி அதை நிறுத்தவில்லை. தளத்தில் ஒரு வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, போட்டியாளர்கள் கவனித்து ஓட்டவும் என்று, மழைத் தண்ணீர் தேங்கியிருப்பதைச் சொல்வதுபோல் மைக்கில் சொன்னார்கள். அவள் அந்தப் பந்தயத்தில் வந்த எல்லோரையும் தாண்டினாள். அதற்கடுத்த பந்தயத்தில் வந்தவர்களையும் தாண்டினாள். சென்னையிலிருந்து வந்தவர்களை, புனேயிலிருந்து வந்தவர்களை, கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரரை, எல்லோரையும் தாண்டினாள், யாரும் அவளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவருக்குக் கோப்பை கொடுத்தார்கள். "வாணிக்குப் பின்னாடி ரெண்டு வளைவு வரைக்கும் ஒட்டிக்கிட்டுப் போனேன்டா" என்று பையன்கள் பேக்கரியில் பெருமை பேசினார்கள், அதைக் கேட்டு மற்றவர்கள் நம்பாமல் சிரித்தார்கள்.

ஊர் அவளைப் பழகிக்கொண்டது. தூங்காத குழந்தைகளைச் சாயங்காலம் வேலியோரம் தூக்கிவந்தால் அந்தச் சத்தத்தில் தூங்கின. வண்டி கிளப்பிய காற்றில் மிளகாய் சீக்கிரம் காய்ந்தது, வேலிக்கு வெளியே பெண்கள் பாய் விரித்தார்கள். லைசென்ஸ் எடுக்கப் போகும் பெண்கள், ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடும்போது கால் ஊன்றாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வேலியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தைத் தளத்தில் உருட்டிவிட்டாள், சிவப்பு வண்டி அதைச் சரியாக நசுக்கிப் போனது, அவளுக்கு அன்றே லைசென்ஸ் கிடைத்தது. அதிலிருந்து வண்டிக்காரியம்மன் என்ற பெயர் வந்தது. ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றினார்கள். மில்காரர் தன் செலவில் வேலி முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொடுத்து, முதல் ஆளாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் புரிந்தது: சாமி ஆக்கிவிட்டால் கோப்பை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் என்றால், ஹெல்மெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த அந்தக் கொஞ்சம். சாமியின் முகம் அப்படி இருக்காது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவள் கண்கள் ஓரக் கண்ணாடிக்குப் போய் யார் பின்னால் வருகிறார்கள் என்று பார்த்தன, ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் அவள் தலை கொடிமேடைப் பக்கம் ஒரு நூல் அளவு திரும்பி மறுபடி நேரானது. ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் இன்னும் பந்தயத்தில் இருந்தாள்.

ஒருநாள் ருக்மணியம்மா பேக்கரியில் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்து மேசையில் பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தத் துணிய ஒருக்கா ஆட்டி உட்டா என்னங்க? உங்களுக்குக் கையா நோவுது?"

வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

"ஆட்டறதுக்கு என்னம்மா. ஆட்டலாம். ஆட்டுனா, அன்னைக்கு ஆட்டாதது தப்புன்னு ஆயிருமே."

"தப்புதானுங்களே?"

"நீலக்கொடி வேற காட்டிப்போட்டேன்" என்றார் வாத்தியார், மிக மெதுவாக. "முன்னாடி போறவளுக்கு."

ருக்மணியம்மா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எத்தன பசங்களுக்கு லெஃப்ட் ரைட்டு சொல்லிக்குடுத்த ஆளு நீங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் கொடி விழுந்ததற்கு நியாயம் காரணமில்லை, மனை விலைதான் காரணம். பைபாஸ் வந்ததும் தளத்தைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஏறியது, மில்காரருக்கும் பந்தய ஆசை விட்டுப்போனது, தளத்தை சைட் பிரித்து விற்கத் தீர்மானித்தார். அளக்க வந்தவர்கள் கல் நடக் குனிந்தபோதெல்லாம் சிவப்பு வண்டி வந்தது. சாமியைக் கிளப்ப முடியாது, ஊர் ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஓட்டுகிறவளுக்குக் கொடி காட்டினால் நின்றுவிடுவாள். இது எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம்.

பந்தல் போட்டார்கள். நாதஸ்வரம் வைத்தார்கள். வாசலுக்கு வெளியே ஜேசிபிகள் வரிசையாக நின்றன, அவற்றுக்கும் யாரோ சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வாத்தியாருக்கு வயதாகிவிட்டதால் ஒருவர் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். வளைவில் சத்தம் கேட்டது, சிவப்புத் தெரிந்தது, கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி மேலே எழுந்து விரிந்தது.

வாணியக்காவின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து, முஷ்டியாக மடங்கி, வானத்தைக் குத்தியது. நான் அப்படி ஒரு கையை அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஒரு சுற்று மெதுவாக வந்து வண்டியைப் பந்தல் முன்னால் நிறுத்தினாள். எஞ்சின் அடங்கியதும் ஊரே செவிடானதுபோல் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூந்தல் நனைந்து ஒட்டியிருந்தது, முகத்தில் ஒரு வயதுகூட ஏறியிருக்கவில்லை.

"ஆதர்ஷ் எங்கீங்க? எம்பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தானே?"

ஆதர்ஷ் மேடையில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, கொஞ்சம் தொப்பை, முன்மண்டையில் முடி குறைந்திருந்தது. அவள் அவனை அடையாளம் காணக் கொஞ்சம் நேரமானது. அடையாளம் கண்டதும், மறுபடி மடங்கியிருந்த அவள் முஷ்டி பிரிந்தது.

"வாங்க்கா" என்று மைக்கில் சிரித்து, அவன் ஒரு பெரிய கோப்பையை அவள் கையில் கொடுத்தான். கூட்டம் குலவை போட்டது. வாணியக்கா கோப்பையைத் திருப்பி, அதில் பொறித்திருந்ததை வாசித்தாள். சிறந்த பெண் ஓட்டுநர், சிறப்புப் பரிசு.

"பொண்ணுக எத்தன பேர் ஓட்டுனோம் அன்னைக்கு?" என்று கேட்டாள்.

மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நீ ஒருத்திதானம்மா" என்றார் மில்காரர்.

"அப்பொ நான் யார ஜெயிச்சேன்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப. எவ்வளவு சந்தோஷமான நாளு. ஊரே உன்னயக் கும்புடுது."

அவள் வாத்தியாரிடம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதான அங்க நின்னீங்க. நான் எத்தனாவது?"

வாத்தியார் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒரு மடிப்புக்கூடக் கோணாமல், பள்ளிக்கூடத்தில் சுருட்டுவதுபோல், அவ்வளவு கவனமாகச் சுருட்டினார். சுருட்டி முடித்தபின்னும் நிமிரவில்லை. "ரிசல்ட்ட இனி மாத்த முடியாதுங்கம்மா" என்று தரையிடம் சொன்னார்.

வாணியக்கா கோப்பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வண்டிக்குள் இறங்கினாள். பட்டனை அழுத்தினாள். வண்டி ஒருமுறை இருமியது. மறுபடி அழுத்தினாள். கராஜ்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். டேங்க் காய்ந்து கிடந்தது, டயர்களில் நூல் தெரிந்தது, பிரேக் என்ற ஒன்றே இல்லை. கொடி பார்த்த வண்டிக்குப் பந்தயம் முடிந்துவிட்டது. அதுவும் விதிதான். அவள் வெகுநேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஜேசிபிகள் உள்ளே வருவதற்கு வசதியாக நாலு பேர் வண்டியை அவளோடு சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. தளம் இருந்த வளைவு நெடுக, வண்டி இல்லாமலே அந்தக் காற்று மட்டும் இன்னும் சுற்றி வருகிறது. கொடியில் காயும் துணிகள் ஒரே திசையில் பறக்கின்றன, சாமி விளக்கு அணைகிறது, சாத்தாத கதவு அறைகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. குடியிருப்போர் சங்கம் வேகத்தடை போட்டுப் பார்த்தது, காற்று அதைத் துள்ளித் தாண்டியது. விளம்பரத்தில் நல்ல காற்றோட்டமான மனைகள் என்று போட்டு மீதி சைட்டுகளையும் விற்றுவிட்டார்கள். வண்டிக்காரியம்மனுக்கு நுழைவாயிலில் சின்னதாகக் கோவில் இருக்கிறது, கோவிலில் கூட்டம் இருக்கிறது, மார்க்கெட்டில் வாணியக்கா தக்காளி பொறுக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோனதற்காக அவள்மேல் ஊருக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

அவள் மறுபடி கோழி வண்டி ஓட்டுகிறாள். போன மாதம் ஒருநாள் நான் பேங்க் வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ரோட்டில் நின்றபோது வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது.

"பேங்குக்குத்தான? ஏறு."

ஏறினேன். பின்னால் கூண்டு கூண்டாகக் கோழி. கொஞ்ச தூரம் போனபின், நான் டிக்கெட் கிழித்த காலத்திலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"தெரியும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கியரை மாற்றினாள்.

"எனக்குத் தெரியாமயா கண்ணு அத்தன சுத்துச் சுத்துனேன்? அவங்களுக்குத் தெரியட்டும்னு சுத்துனேன். அவங்களுக்கும் மொதல்லயே தெரிஞ்சுதான் இருந்துருக்குது. அதுதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

மனைப்பிரிவின் நுழைவாயில் வந்தது. கொடிமேடை இருந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அவள் தலை அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு திரும்பி மறுபடி நேரானது.

பின்னால் ஒரு பெரிய கார் வந்து ஹாரன் அடித்தது, விளக்கை விட்டு விட்டு எரித்து வழி கேட்டது. வாணியக்கா ஓரக் கண்ணாடியைப் பார்த்தாள். கார் இன்னும் நெருங்கி வந்தது, இன்னும் கோபமாக அடித்தது. அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள், ஸ்பீடோமீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது, ஜன்னலில் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பின்னால் ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை.

அவள் வழி விடவில்லை.